எறக்கத்துக்கு எதுக்கு பெட்ரோலு

அவர் என்னை வண்டியிலிருந்து இறக்கிவிடாத மேடு கல்வராயன் மலையில் ஒன்றுகூடக் கிடையாது. "சிஸ்டர், கொஞ்சம் எறங்கிக்கிங்க, இந்த மேடு மட்டும்" என்பார். அந்த மேடு முடிவதற்குள் அடுத்த மேடு ஆரம்பித்திருக்கும். தடுப்பூசி ஐஸ் பெட்டி சொகுசாக வண்டியில் போகும். நான் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே பின்னால் நடப்பேன். மேலே போய்ப் பார்த்தால் இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு கல்லில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருப்பார். "உங்க வெயிட்டு ஒண்ணும் ஜாஸ்தி இல்ல சிஸ்டர். மேட்டுல மட்டும்தான் ஜாஸ்தியாத் தெரியுது" என்று ஆறுதல் வேறு சொல்வார்.

அவர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். நான் கிராம சுகாதார நர்ஸ். நைனார்பாளையத்தில் பிறந்து, மலை என்றால் தூரத்தில் நீலமாகத் தெரிவது என்று மட்டும் அறிந்திருந்தவளை வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் போட்டார்கள். இரண்டு அறை. ஒன்றில் மருந்தும் பிரசவக் கட்டிலும், இன்னொன்றில் நானும் என் ஸ்டவ்வும். அவர் கள்ளக்குறிச்சியிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை மலையேறி வருவார். அரசாங்கம் கொடுத்த பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலும் அரசாங்கம்தான், மாசத்துக்கு இவ்வளவு என்று அளந்து தரும். அந்த அளவை எழுதிய மகராசன் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பார்த்திருக்க மாட்டான்.

அதனால் அவர் பெட்ரோலைச் சொட்டு சொட்டாகச் செலவு செய்தார். டேங்குக்குள் விட்டுப் பார்க்க ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தார். அதில் லிட்டர் கணக்கு கிடையாது. ஒரு வெட்டு, வெள்ளிமலை. அதற்குக் கீழே ஒரு வெட்டு, அடிவாரத்து அணைக்கட்டு. அதற்கும் கீழே கச்சிராயபாளையம். கடைசி வெட்டு கள்ளக்குறிச்சி பங்க். குச்சியை எடுத்து வெயிலில் பிடித்து, "கச்சிராயபாளையம் தாண்டிடலாம், அப்பால அம்மன் விட்ட வழி" என்பார். பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றால் அவர் முகத்தில் கவலையே வராது. இறங்கி, வண்டியை இடது பக்கம் அப்படியே சாய்ப்பார். டேங்கின் வலது பக்கத்தில் தங்கியிருப்பது டேங்க் நடுவிலுள்ள மேட்டைத் தாண்டிக் குழாய்ப் பக்கம் வந்து சேரும். அதில் மூன்று கிலோமீட்டர். அதுவும் தீர்ந்தால் மூடியைத் திறந்து வாய் வைத்து ஊதுவார். அதில் ஒரு கிலோமீட்டர். ஒரு தடவை இன்ஜின் செத்த பிறகும் வண்டியை உருட்டிக்கொண்டே பங்க்குக்குள் போய் நிறுத்தி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இன்னும் ஜாஸ்தி பண்ணுவார் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன்.

இறக்கம் என்றால் இன்ஜின் ஓடவே கூடாது. மலை உச்சியில் சாவியைத் திருப்பி அணைத்து, பெட்ரோல் குழாயையும் மூடி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளுவார். "எறக்கத்துக்கு எதுக்கு பெட்ரோலு? மலையே தள்ளிவுடுது." அடிவாரம் வரைக்கும் வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் போகும். இன்ஜின் ஓடாவிட்டால் அந்த வண்டியில் ஹாரனும் அடிக்காது. ஒவ்வொரு வளைவிலும் "வரேன்! வரேன்!" என்று கத்துவார். தலையில் மரவள்ளிக் கூடையோடு ஏறி வருகிறவர்கள் ஓரம் ஒதுங்கி, "வா சாமி, வா" என்பார்கள்.

இந்தக் கணக்கு எனக்கு எப்போதும் சிரிப்பாக இருந்ததில்லை. ஒரு தடவை தூரத்தில் நாலைந்து குடிசைகள் உள்ள கொட்டாயிலிருந்து ஒரு ஆள் வந்து, குழந்தைக்கு ஜுரம் என்று நின்றான். இவர் உடனே கிளம்பவில்லை. "எத்தினி நாளா? பால் குடிக்குதா? கண்ணு தொறந்து பாக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்டுவிட்டு, மாத்திரையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சார், புள்ளைக்கு ஜுரம்னு வரான், நீங்க பெட்ரோலு கணக்குப் பாக்கறீங்க?"

அவர் கோபப்படவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அதுதான் அவரிடம் பெரிய தொந்தரவு. பையிலிருந்து ஒரு லிட்டர் தகர டின் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். ஆயில் கலந்த பெட்ரோல், கழுத்து வரைக்கும் இருந்தது.

"மேட்டுல உங்கள எறக்கி வுட்டதுல மிச்சம் பண்ணது சிஸ்டர் இது. மருந்து ரூம்ல வெச்சிப் பூட்டுங்க. யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க. உசுருக்குன்னா மட்டும்."

அதற்குப் பிறகு நான் மேடுகளில் முணுமுணுக்காமல் இறங்கினேன். அந்த டின் மூன்று பேரைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது. கட்டுவிரியன் கடித்த ஒரு கிழவர், கரடி முகத்தைக் கிழித்த ஒரு ஆள், வலிப்பு வந்த ஒரு கர்ப்பிணி. மூன்று பேரும் திரும்பி நடந்து மலையேறி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் டின் காலியானால் அடுத்த பத்து நாளில் அது எப்படியோ நிறைந்துவிடும். மலைக்கு வந்ததும் முதல் வேலையாக மருந்து அறைக்குப் போய் டின்னை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்ப்பார். மூடியைத் திறக்க மாட்டார், திறந்தால் ஆவியாகப் போய்விடுமாம். சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "சரியா கீது" என்று வைத்துவிட்டு வருவார்.

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரங்களை வெட்டிச் சாய்த்தார்களே, அந்த வருஷம். அது ஆரம்பிப்பதற்கு முந்தின வெள்ளிக்கிழமை, மலைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். மறுநாள் மணலூர்பேட்டையில் அவர் தங்கைக்கு நிச்சயதார்த்தம். பெட்ரோல் இல்லை.

"அர லிட்டரு குடுங்க சிஸ்டர், போதும். திங்கக்கெழம வரும்போது ஒரு லிட்டரா கொண்டாந்து ஊத்தறேன். அண்ணன்காரன் இல்லாம இன்னா நிச்சயம்?"

கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நல்ல மனுஷன், கெஞ்சினார். இரண்டு நாளில் எந்த உயிர் போய்விடப்போகிறது என்று நினைத்தேன். பாட்டிலில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூரத்து மேட்டில் இன்ஸ்பெக்டரின் வண்டி முனகிக்கொண்டு ஏறுகிற சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை வர வேண்டியவர். ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டதால், மருந்தை முன்னாலேயே கொண்டுவந்து சேர்த்துவிட வேண்டும் என்று கிளம்பி வந்திருக்கிறார். வந்ததும் டின்னை ஆட்டிப் பார்ப்பார். அவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் சொல்லாமல் என்னை ஒரு பார்வை பார்ப்பாரே, அதை நினைத்தேன். ஸ்டவ்வுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து, டின்னில் கழுத்து வரைக்கும் ஊற்றி மூடினேன்.

அது தப்பென்று அப்போது தோன்றவில்லை. நைனார்பாளையத்தில் எங்கள் கொல்லையில் தண்ணீர் இறைக்கிற இன்ஜின் மண்ணெண்ணெயில்தான் நாள் பூராவும் ஓடும். இன்ஜின் எல்லாம் ஒரே ஜாதிதானே என்று நினைத்தேன். எங்கள் அப்பா காலையில் அதைக் கிளப்பும்போது முதலில் ஒரு கரண்டி பெட்ரோல் விட்டுக் கிளப்பி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். சின்ன வயசிலிருந்து தினமும் பார்த்த அந்த ஒரு கரண்டி எனக்கு ஞாபகம் வரவில்லை.

அவர் வந்தார். டின்னை ஆட்டினார். "சரியா கீது" என்றார். மண்ணெண்ணெய் வாசனை அவருக்குத் தெரிய வழியில்லை. பொடி போட்டுப் போட்டு அவர் மூக்கு என்றைக்கோ செத்துப் போயிருந்தது.

மறுநாள் கீழே மரங்கள் விழுந்தன. அவர் மலையிலேயே மாட்டிக்கொண்டு, ஆளில்லாமல் கிடந்த வாத்தியாரின் வீட்டில் தங்கினார். சந்தைக்குப் புளி கொண்டுபோனவர்கள் மூட்டையோடு திரும்பி வந்து சொன்னார்கள்: "அணைக்கட்டுலேர்ந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டு மேல மரமாக் கெடக்குது. பஸ்ஸு இல்ல, பங்க்கு இல்ல, ஒண்ணும் இல்ல." அவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "கேக்கறது நியாயமாவே இருக்கட்டும். யாருக்காச்சும் வலி கண்டா எந்த வழியா போவாங்க?" என்று மட்டும் சொன்னார்.

ஆறு நாள். அவர் வண்டியைத் தொடவில்லை. கொட்டாய் கொட்டாயாக நடந்தே போய் மலேரியா ரத்தம் எடுத்துக்கொண்டு வந்தார். சாயங்காலம் என் வாசலில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஆறு நாளும் மண்ணெண்ணெய் விஷயம் என் வாய் வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், வாத்தியார் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம் என்று விழுங்கினேன். கீழே மரம் கிடக்கும்போது வாத்தியார் எங்கே வர முடியும்?

ஏழாம் நாள் காலையில் ஒரு கொட்டாயிலிருந்து சின்னப்பொண்ணு என்கிறவளை மூங்கில் கம்பில் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். விடியற்காலையில் குழந்தை பிறந்துவிட்டது. ஆண் குழந்தை, மாமியார்காரி துணியில் சுற்றி வைத்திருந்தாள். நச்சுக்கொடி விழவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஊசியைப் போட்டேன். அழுத்திப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "சார், கள்ளக்குறிச்சி போயே ஆவணும்."

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மருந்து அறைக்குப் போய் டின்னை எடுத்து வந்து, ஏறக்குறைய காலியாக இருந்த டேங்கில் கவிழ்த்தார். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேர் அழுதுகொண்டு நின்றார்கள். சொன்னால் கிளம்ப மாட்டாரோ என்று பயந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

சின்னப்பொண்ணை நடுவில் உட்கார வைத்து, அவர் முதுகோடு புடவையால் கட்டினோம். நான் பின்னால் ஏறி அவளைப் பிடித்துக்கொண்டேன். குழாயில் பழைய பெட்ரோல் மிச்சம் இருந்ததோ என்னவோ, மூன்றாவது உதைக்கு வண்டி கிளம்பிவிட்டது. அவள் புருஷன், "நான் குறுக்குப் பாதையில எறங்கி அணைக்கட்டுக்கு வந்துடறேன் சாமி" என்று ஓட ஆரம்பித்தான். மலை உச்சி வரைக்கும் வண்டி நன்றாகவே ஓடியது. எனக்கு உயிர் வந்தது. உச்சியில் அவர் கை சாவிக்குப் போனது.

"சார், இன்னிக்காவது ஓட வுடுங்க."

"கீழ ரோடு இல்ல சிஸ்டர். மரத்தச் சுத்திக் கரும்புக் கொல்லையில பூந்து பூந்து போவணும். இருவது கிலோமீட்டரு நாப்பது ஆயிடும். இங்க எரிச்சிட்டா அங்க நடுவுல நின்னுடுவோம். எறக்கத்துக்கு எதுக்கு பெட்ரோலு."

அணைத்துவிட்டார். அவர் சொன்ன கணக்கில் ஒரு தப்பும் இல்லை. டின்னில் இருந்தது பெட்ரோலாக இருந்திருந்தால்.

மலை எங்களைத் தள்ளிவிட்டது. காற்றும் டயர் உருளுகிற சத்தமும்தான். வளைவுக்கு வளைவு "வரேன், வரேன்" என்றார். சின்னப்பொண்ணு ஒரு தடவை "புள்ளைக்குப் பால் யாரு குடுப்பாங்க?" என்று கேட்டாள். "நீதாண்டி குடுக்கப்போற" என்றேன். என் மடியில் அவள் ரத்தம் சூடாக இறங்கிக்கொண்டிருந்தது. பாதி மலையில் மழைச்சாரல் பிடித்துக்கொண்டது. இன்ஜின் மேல் விழுந்த சாரல் முதலில் புஸ்ஸென்று ஆவியானது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அணைக்கட்டுக்குப் பக்கத்தில் ரோடு சமமானதும் வண்டி மெல்ல மெல்ல ஓய்ந்து நின்றது. அவர் குழாயைத் திறந்து உதைத்தார். பிடிக்கவில்லை. சோக் போட்டு உதைத்தார். புடவையை அவிழ்த்து அவளை ஒரு மரத்தடியில் படுக்க வைத்தேன். உதைத்துக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி உதைத்தார். ஓடிவந்து தள்ளிப் பார்த்தார். அவர் வயசுக்கு மூச்சு வாங்கியது. பிளக்கைக் கழற்றும்போது பக்கத்தில் நின்ற எனக்கு அந்த வாசனை வந்தது, என் ஸ்டவ் வாசனை. எனக்கு விளங்கிவிட்டது. "ஈரமாவே கீதே, ஏன் புடிக்கல, ஏன் புடிக்கல" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். பதில் தெரிந்தவள் இரண்டடி தள்ளி நின்றேன்.

அவள் புருஷன் குறுக்குப் பாதையில் ஓடி வந்து சேர்ந்தபோதும் நாங்கள் அங்கேயேதான் நின்றிருந்தோம்.

அதற்குப் பிறகு வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். முதல் புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கே கிடந்த இடத்தில் பத்துப் பதினைந்து ஆட்கள் அரிவாளும் கோடாலியுமாக நின்றார்கள். எங்களைப் பார்த்ததும் கோஷத்தை நிறுத்திவிட்டார்கள். ஒருத்தர் ஓடிப்போய்க் கயிற்றுக் கட்டில் கொண்டுவந்தார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஏறி இறங்கி ஓடினார்கள். கச்சிராயபாளையம் எல்லை வருவதற்குள் நான் அவள் கையைக் கீழே வைத்துவிட்டேன். கட்டிலை இறக்கச் சொன்னேன்.

அவர் ரோட்டோரம் உட்கார்ந்தார். "நிறுத்தாம வந்திருக்கணும். இன்ஜின ஆற வுட்டுட்டேன். நான்தான் ஆற வுட்டுட்டேன்" என்றார். அவள் புருஷன் சாக்குத் துண்டை எடுத்து அவள் முகத்தில் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருந்தான்.

பிறகு விசாரணை நடந்தது. அவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். நோயாளியை வைத்துக்கொண்டு, எரிபொருள் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தினேன், அதனால் வண்டி கிளம்பவில்லை. என்னையும் கேட்டார்கள். "நிறுத்தினார். நிறுத்த வேண்டாம் என்று சொன்னேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவருக்கு மெமோ வந்தது.

வாத்தியார் பத்து நாள் கழித்து வந்தார். சொன்ன சொல் தவறாமல் ஒரு பாட்டில் நிறைய பெட்ரோலும், நிச்சயதார்த்த லட்டும் கொண்டுவந்தார். லட்டை வாங்கிக்கொண்டேன். பெட்ரோலைக் கிணற்றுப் பக்கம் கொண்டுபோய் மண்ணில் கொட்டினேன்.

இன்ஸ்பெக்டர் அதற்குப் பிறகு இன்ஜினை அணைக்கவே இல்லை. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் உறுமிக்கொண்டே போவார். பேச நிறுத்தினால்கூட ஓடவிட்டுத்தான் பேசுவார். என்னை மேட்டில் இறங்கச் சொல்வதும் நின்றுபோனது. நானாக இறங்கினால், "ஒக்காருங்க சிஸ்டர், போயிடலாம்" என்பார். மாசம் இருபதாம் தேதிக்குள் பெட்ரோல் தீர்ந்துவிடும். மருந்து அறையில் டின்னும் இல்லை, அதை அவர் கேட்கவும் இல்லை. ஒரு மாசக் கடைசியில் பாம்பு கடித்த ஒருத்தரை டோலியில்தான் தூக்கிப்போனார்கள். எப்படியோ பிழைத்துக்கொண்டார். அன்றைக்கு நான் சாமியை வேண்டிக்கொண்டது கடிபட்டவருக்காகவா எனக்காகவா என்று எனக்கே தெரியாது.

நான்கைந்து வருஷம் கழித்து, யாருக்கோ நடந்தது மாதிரி கள்ளக்குறிச்சியில் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். அவன் ஸ்பானரைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னான். "பாதி மண்ணெண்ணெயா? சூடா இருந்தா பொகைய வுட்டுக்கினு ஓடிடும்மா. ஆறிப்போச்சுன்னா புடிக்காது. அதுக்கின்னா, பிளக்கக் கழட்டி நாலு குச்சியக் கொளுத்திச் சுட வெச்சி மாட்டுனா புடிச்சிருக்கும். கலந்துகீதுன்னு தெரியாதவனுக்கு அது எப்படித் தோணும்?" சின்னப்பொண்ணு புருஷனின் மடியில் அன்றைக்குத் தீப்பெட்டி இருந்தது. அவன் பீடி பற்றவைக்கப் போனபோது, பெட்ரோல் பக்கத்தில் வேண்டாம் என்று இவர் தடுத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த மெக்கானிக்கைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. தெற்கே எங்கேயோ, சமவெளி. வழியனுப்ப நான் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் வரும்போது வாய்க்குள்ளேயே நாலு தடவை சொல்லியும் பார்த்துக்கொண்டேன். சார், அந்த டின்ல பாதி மண்ணெண்ணெய், நான்தான் ஊத்தினேன். அவ்வளவுதான், ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

அவர் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். "சார்" என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "நானே சொல்லணும்னு இருந்தேன் சிஸ்டர். அன்னிக்கி நிறுத்த வேணாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. அதுக்கப்பறம் ஒரு நாளாச்சும் 'நான்தான் சொன்னேனே'ன்னு நீங்க என்னைக் குத்திக் காட்டுனது இல்ல. வேற யாராச்சும்னா ஊரெல்லாம் பேசியிருப்பாங்க. உங்க மாதிரி நல்ல மனசு யாருக்கும் வராது."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவசரப்படுத்தினான். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஒடம்பப் பாத்துக்கங்க" என்றேன்.